கண்ணாடி அக்கா தன் வேஷம் கட்டியது

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்ததால் அவளுக்குக் கண்ணாடி அக்கா என்று பேர் வந்துவிட்டது. கடையின் முன்பக்கம் முதலாளியின் ராஜ்ஜியம். பளிச்சென்ற விளக்கு, அலமாரி நிறைய ஃபிரேம், "இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு சார்" என்கிற தேன் தடவிய பேச்சு எல்லாம் அங்கேதான். திரைக்குப் பின்னால் இருந்த சின்ன அறை அவளுடையது. உட்கார்ந்தால் முழங்கால் மேஜையில் இடிக்கும். வட்டமாக வருகிற லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி மெஷினில் அரைத்து, ஓரம் தேய்த்து, பள்ளத்தில் அழுத்தி உட்காரவைப்பாள். கடுகைவிடச் சின்னத் திருகுகளோடு பழகிப் பழகி, பெரிய சாமான்களைக் கண்டால் அவளுக்குக் கொஞ்சம் இளக்காரம். "ஆணி இவ்வளவு பெரிசா இருந்தா கண்ணை மூடிக்கிட்டே அடிச்சிடலாமே" என்பாள்.

ஐம்பதைத் தாண்டியவள். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். கீழ்வீட்டில் இவள் தனி. மாடியில் நாத்தனார், பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடிக்கிறவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அக்காவின் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை. அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். ஸ்பேனரும் திருப்புளியும் இருந்த பை கதவோரம் அப்படியே இருந்தது. பையை விட்டுவிட்டுப் போனவர் எவ்வளவு தூரம் போயிருக்கப் போகிறார் என்று பக்கத்துத் தெருக்களில் தேடினார்கள். பிறகு ஆஸ்பத்திரி, பிறகு போலீஸ், பிறகு தூரத்துச் சொந்தம். கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது சமாசாரம்.

புருஷன் செத்தவளுக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. புருஷன் விட்டுவிட்டுப் போனவளுக்கும் ஒரு பேர் உண்டு. இவள் எதில் சேர்த்தி? விசேஷ வீடுகளில் இவளை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். கடைசியில் ஊரே யோசித்து அவளுக்கு ஒரு வேஷத்தைக் கொடுத்தது: காத்திருக்கிறவள். அந்தச் சட்டை அளவெடுத்துத் தைத்தது மாதிரி எல்லாருக்கும் திருப்தியாக இருந்தது. அவளும் மாட்டிக்கொண்டாள். தினம் சாயங்காலம் நாத்தனார் மாடிப்படி இறங்கி வருவாள்.

"ஏதாவது தகவல் உண்டா அண்ணி?"

"இல்லம்மா. உக்காரு, டீ போடறேன்."

இப்படியே போய்க்கொண்டிருந்த நாளில்தான் உடைந்த கண்ணாடியோடு இயக்குநர் கடைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். நவீன நாடகம் போடுகிற ஒரு சின்னக் குழுவை நடத்துகிறவர். ஃபிரேம் தட்டையாகி, ஒரு காது எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படி ஆச்சு தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

"ராஜா உக்காந்துட்டார்."

"எந்த ஊர் ராஜா?"

"எங்க நாடகத்து ராஜா. எங்ககிட்ட இருக்கறதே ஒரு நாற்காலி. அதுதான் சிம்மாசனம், அதுதான் கட்டில், அதுதான் பஸ்ஸு. அதுல கண்ணாடியை வச்சது என் தப்பு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூடுகாட்டி வளைத்துக்கொண்டே அவர் பேச்சைக் கேட்டாள். அடுத்த நாடகத்துக்கு அவர் கதை எழுதப்போவதில்லையாம். காத்திருக்கிற மனுஷர்களிடம் பேசி, அவர்கள் சொல்வதை அப்படியே மேடையில் வைக்கப்போகிறாராம். முன்பக்கத்திலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்: "காத்திருக்கறதைப் பத்தியா? கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே. நம்ம அக்காவைக் கேளுங்க."

அவள் சொன்னாள். சொல்லிச் சொல்லி அந்தக் கதை ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழப்பாகியிருந்தது. காலையில் சாப்பிட்டார். "வரேன்" என்றார். "சீக்கிரம் வாங்க" என்றேன். அவ்வளவுதான். இயக்குநர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். போகும்போது, "உங்களை மேடையில வைக்கலாமா அக்கா?" என்றார். தன்னை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்து, "வச்சுக்கோங்க" என்றாள்.

ஒத்திகை ஒரு பழைய அச்சுக்கூடத்தில் நடந்தது. மெஷின்களை எடுத்துப் பல வருஷமாகியும் மை வாசனை போகவில்லை. நடுவில் அந்த ஒற்றை நாற்காலி. அதற்கு எதிரே சுவரில்லாமல் தனியாக ஒரு கதவு, சட்டத்தோடு நின்றது.

"சுவரே இல்லாம கதவா தம்பி?"

"சுவர் பார்க்கறவங்க மனசுல இருக்கும் அக்கா."

"அப்போ கதவையும் அவங்க மனசுலயே விட்டிருக்கலாமே. தூக்கற வேலையாவது மிச்சம்."

அவளாக நடிக்கிற பெண் முப்பது வயதுக்காரி. பகலில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். அகலமான தோள், கணீர் என்ற குரல். கடைக்கு வந்து பின்னறையில் உட்கார்ந்து, அக்கா லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே எப்படிப் பிடிக்கிறாள், எந்தக் கண்ணை மூடுகிறாள், திருகு கீழே விழுந்தால் எப்படி மூச்சை அடக்கிக்கொண்டு தேடுகிறாள் என்று ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டாள். "இவ்வளவு நாள் என்னோட குடும்பம் நடத்தினவங்ககூட என்னை இப்படிப் பார்த்ததில்ல" என்று அக்கா சொன்னபோது நடிகை சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். ஆனால் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நிஜம் என்று அவளுக்கே உறைத்தது.

ஒரே ஒரு இடத்தில் உதைத்தது. நாடகத்தில் அந்தப் பெண் கதவைத் தாழிடுவதே இல்லை. பாதி திறந்த கதவைப் பார்த்தபடி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள். விளக்கு மெல்ல அணையும்.

"நான் தாழ்ப்பாள் போட்டுட்டுத்தானே தம்பி படுக்கறேன். வேற மாதிரி சொன்னதா ஞாபகம் இல்லியே."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்லல. நான் சேர்த்தது. எனக்கு என்ன தோணுதுன்னா அக்கா, இதுக்காகத்தான் நீ இருக்கேன்னு சொல்லி மனுஷனை யாரும் அனுப்பி வைக்கறதில்ல. வந்து விழுந்துட்டோம். அப்புறம் நாமளே ஏதோ ஒண்ணைப் பிடிச்சுக்கறோம், அதுவாவே ஆயிடறோம். இவ காத்திருக்கறதைத் தேர்ந்தெடுத்தா. யாரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளல, அவளே எடுத்துக்கிட்டா. அந்தத் திறந்த கதவு அதைத்தான் சொல்லுது."

தேர்ந்தெடுத்தா. அந்தச் சொல் அவள் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. "உங்க நாடகம், உங்க இஷ்டம்" என்று எழுந்துவிட்டாள்.

நாடகம் நன்றாகப் போயிற்று. பேச்சு பரவி, வாரக் கடைசிகளில் அச்சுக்கூடம் நிறைந்தது. முதல் நாளே நாத்தனார் போய் கைக்குட்டை நனைய அழுதுவிட்டு வந்தாள். "பார்த்தீங்களா அண்ணி, அண்ணனுக்காக ஊரே அழுவுது!" தெருவில் பேசாதவர்கள் பேசினார்கள். கண்ணாடி வாங்க வந்தவர்கள் திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு, சாவு வீட்டில் தலையாட்டுவது மாதிரி ஆட்டிவிட்டுப் போனார்கள். முதலாளி ஒரு நாள் வாய் தவறி, "நேத்து நீ அழுதது பிரமாதம்மா" என்றார். "நான் நேத்து வீட்டுல துணி துவைச்சிக்கிட்டிருந்தேன்" என்று இவள் சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதைவிட விநோதம் வீட்டில் நடந்தது. ஒரு நாள் படுக்கப் போகையில் தாழ்ப்பாள் வரை போன கை நின்றது. ஊரெல்லாம் பார்த்துவிட்டதே, இப்போது தாழிட்டால் அது என்னவோ தப்பு மாதிரி இருந்தது. கதவை ஒருக்களித்துவிட்டுப் படுத்தாள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பூனை நிதானமாக உள்ளே வந்து பால் பாத்திரத்தைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. அதைக் கழுவி ஒரு கையில் பிடித்தபடி நின்றபோது, இடது கை கன்னத்தில் இருப்பதைக் கவனித்தாள். தனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அது நடிகையுடையது. அவள் தன்னைப் பார்த்து நடித்தாள், தான் அவளைப் பார்த்து நடிக்கிறோம். அப்படியானால் அசல் எங்கே என்று ஒரு கேள்வி வந்தது. பாத்திரத்தை ஓங்கிக் கவிழ்த்துவைத்தாள்.

ஒரு வாரக் கடைசி. ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு இடமெல்லாம் முன்பே விற்றுப்போயிருக்க, அன்று காலை நடிகை நீச்சல்குளத்தின் ஓரத்தில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. இயக்குநர் நேரே அக்கா வீட்டுக்கு ஓடிவந்தார். கூடவே ராஜாவும் வந்தார். கண்ணாடி மேல் உட்கார்ந்த அதே பருத்த மனுஷர்தான். வேலை நாளில் பஸ் ஓட்டுகிறவர், இந்த நாடகத்தில் அக்காவின் புருஷனாக வருகிறவர்.

"வசனம் எல்லாம் உங்களோடதுதான் அக்கா. நீங்க எதுவும் நடிக்க வேண்டாம். நீங்க நீங்களா வந்து நின்னா போதும்."

இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா? கிளம்பிப் போனாள்.

போன பிறகுதான் தெரிந்தது. உடுப்பு அவளுடைய கடை மேலங்கியைப் பார்த்துத் தைத்தது. ஆனால் நடிகையின் அளவு. தன் மேலங்கிக்குள்ளேயே தோள் தொங்கி, கை விரல் வெளியே தெரியாமல் நின்றாள். நடந்து காட்டச் சொன்னார்கள், கால் பின்னியது. லென்ஸைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள், எந்தக் கண்ணை மூடுவது என்று மறந்துபோயிற்று. இயக்குநர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. நீங்க... உங்களை மாதிரியே இல்ல."

ராஜா சமாதானம் சொன்னார். "கவலைப்படாதீங்க. எனக்கு ஒரு தடவை பஸ் டிரைவர் வேஷம் கொடுத்தாங்க. ஒத்திகையிலேயே தூக்கிட்டாங்க."

இயக்குநர் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். அவர்கள் குழுவில் ஒரு பயிற்சி உண்டு. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு பதில் சொல்ல வேண்டும்.

"யார் நீங்க?"

"கண்ணாடிக் கடையில வேலை பார்க்கறவ."

"யார் நீங்க?"

"ஒரு பொண்ணைப் பெத்தவ."

"யார் நீங்க?"

"மாடியில இருக்கறவளோட அண்ணி. லிஃப்ட் ரிப்பேர்காரரோட சம்சாரம்."

"யார் நீங்க?"

"காத்துக்கிட்டு இருக்கறவ" என்றாள். சொல்லும்போதே அது தரையில் விழுந்த செல்லாக் காசு மாதிரி சத்தம் போட்டது. அவளுக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

"யார் நீங்க?"

அவள் யோசித்தாள். மூடியைத் திறந்து பானைக்குள் பார்ப்பது மாதிரி உள்ளே பார்த்தாள். ஒன்றும் இல்லை. பயமாக இருந்தது. ஆனால் காலிப் பானையின் குளிர்ச்சியும் இருந்தது. வெகுநேரம் பேசாமலே இருந்தாள்.

"அருமை அக்கா! இந்த மௌனத்தை அப்படியே வச்சுக்கோங்க" என்றார் இயக்குநர். என்னவோ அவள் திறமையாகச் செய்துவிட்டது மாதிரி.

மத்தியானம் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணியே மேடையேறுகிறாள் என்று கேள்விப்பட்டு நாத்தனார் முதல் வரிசையில், கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கு விழுந்ததும் அக்காவுக்குக் கூட்டம் தெரியவில்லை. வெளிச்சம் கடைப் பின்னறை மேஜை விளக்கு மாதிரிதான் இருந்தது. கடைக் காட்சியைத் தட்டுத் தடுமாறி ஒப்பேற்றினாள். திருகு தேடும் இடத்தில் ஜனங்கள் சிரிக்கவும் செய்தார்கள். பிறகு அந்தக் காலை வந்தது. ராஜா செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரில்லாத கதவருகே நின்று திரும்பினார்.

"வரேன்" என்றார்.

"சீக்கிரம் வாங்க" என்று அவள் சொல்ல வேண்டும். அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் "போறேன்" என்று சொல்ல மாட்டார்கள். கடைத்தெருவுக்குப் போனாலும் கடல் தாண்டிப் போனாலும் "வரேன்" என்பதுதான் பேச்சு. சின்னப் பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டால்கூட, "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று வாசல்வரை துரத்தித் திருத்துவார்கள். அந்தக் காலையில் அவள் வீட்டுக்காரர் "போறேன்" என்றார். கோபமில்லை, அவசரமில்லை. தெளிவாகச் சொன்னார். அவள் அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருத்தியிருக்கலாம். "எங்கே?" என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த மனுஷர் சங்கடப்பட்டு, "வரேன்" என்று மாற்றிச் சொல்லி, சொன்ன வாக்குக்காகச் சாயங்காலம் திரும்பியும் வந்திருப்பார். கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. கடைசி மூன்று வருஷமாக அந்த வீட்டில் ரயிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே இவளும் வேறொரு ரயிலுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். காத்திருந்தது எல்லாம் அப்போதுதான். அவர் போன பிறகு இல்லை.

"அப்படிச் சொல்லல" என்றாள் அக்கா.

ராஜா பஸ் ஓட்டுகிறவர். குறுக்கே எது வந்தாலும் பதறாமல் பிரேக் போடத் தெரிந்தவர். கதவருகிலேயே நின்று, "என்ன சொன்னேன்?" என்றார்.

"போறேன்னு சொன்னீங்க."

அரங்கில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். ராஜா அவளையே பார்த்தார். பிறகு மெதுவாக, "போறேன்" என்றார்.

"சரி" என்றாள்.

அவர் போனார். அவள் கதவைச் சாத்தினாள். அதற்குத் தாழ்ப்பாள் இல்லை, அந்த நாடகத்துக்கு அது தேவைப்படவில்லை. அதனால் ஒற்றை நாற்காலியைத் தூக்கிவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். உட்கார வேறு இடம் இல்லாததால் நின்றுகொண்டே பேசினாள்.

"பால் பொங்கிடுச்சு. துடைச்சேன். வேலைக்குப் போனேன். அன்னிக்குப் படுக்கறப்போ கதவைத் தாழ் போட்டேன். வீடு பெரிசா இருந்த மாதிரி இருந்துச்சு. எல்லாரும் வந்து, என்ன சொல்லிட்டுப் போனாருன்னு கேட்டாங்க. வரேன்னு சொன்னாருன்னு சொல்லிட்டேன். அப்படிச் சொன்னதும் நான் யாருன்னு எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்குத்தான் புரியல."

அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நாடகத்தில் இன்னும் பாதி, காத்திருக்கிற பாதி, மிச்சம் இருந்தது. இனி அதை யார் நடிப்பது? விளக்கு போடுகிறவர் என்ன செய்வதென்று தெரியாமல், கடைசியில் அணைத்துவிட்டார். கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது பெரிதாக வந்தது. முதல் வரிசையில் நாத்தனார் இருந்த இடம் காலியாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் இயக்குநர் அவளைத் தேடி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "அக்கா, இனிமே இப்படியே வச்சுக்கலாமா? இந்த வசனத்தோட?"

"வேண்டாம் தம்பி. இன்னிக்கு வாயில வந்துச்சு, சொன்னேன். நாளைக்கும் அதே நேரத்துக்கு அதே இடத்துல நின்னு சொன்னா அதுவும் வேஷம்தான். ஒண்ணைக் கழட்டி இன்னொண்ணை மாட்டிக்கறதுக்கா இவ்வளவு பாடு?"

இரண்டு வாரம் கழித்து நடிகை ஊன்றுகோலோடு கடைக்கு வந்தாள். "நான் இனிமே எதை நடிக்கட்டும் அக்கா?" என்று தவித்தாள். "உன் நாடகத்தை நீ நடி கண்ணு. என்னைக் கேட்டுக்கிட்டு நிக்காதே" என்று அனுப்பினாள். பிறகு நடந்த ஆட்டங்களில் இயக்குநர் ஒரே ஒரு மாறுதல் செய்தாராம். புருஷன் கதவருகே நின்று திரும்பிப் பார்ப்பான், ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டான். அவன் என்ன சொன்னான் என்பதைப் பார்ப்பவர்களின் மனசுக்கு விட்டுவிட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? "இத்தனை வருஷமா என்னமா நடிச்சிருக்கா பாரு" என்றார்கள். அது காதில் விழுந்தபோது அக்காவுக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள். மகளுக்கு அவளே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். மகள், "எனக்குச் சின்ன வயசுலயே தெரியும்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கலேன்னு" என்றாள். அழுதுவிட்டு, வேறு பேச்சுப் பேசிவிட்டு, மறுபடியும் அழுதாள்.

வலித்தது நாத்தனாரின் மௌனம்தான். மாடிப்படியில் காலடி கேட்கும், கீழ்வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும். சாயங்காலம் இரண்டு பேருக்கு டீ வைத்துவிட்டு, ஒன்றைக் கீழே கொட்டுவது அக்காவுக்கு வழக்கமாயிற்று.

ஒரு நாள் முதலாளி வெளியே போயிருந்த வேளையில் கடைக்கு நாத்தனார் வந்து நின்றாள். "படிக்கறப்போ எழுத்து ஓடுது. கண்ணாடி போடணுமாம்" என்று டாக்டர் சீட்டை நீட்டினாள், முன்பின் தெரியாத கடையில் நிற்பது மாதிரி. அக்கா எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். முகத்துக்கு முகம் ஒரு முழம்கூட இடைவெளி இருக்காது. அளவுகோலை மூக்கின் மேல் வைத்தாள்.

"என் இடது கண்ணைப் பாரு."

நாத்தனார் பார்த்தாள். பார்த்தபடியே, "உங்ககிட்டயாவது சொல்லிட்டுப் போனாரு" என்றாள்.

"ஆடாதே."

"அன்னிக்கு நான் மாடியிலதான் இருந்தேன் அண்ணி. எனக்கு ஒரு வார்த்தை இல்ல. போறேன்னுகூட இல்ல."

அக்கா அளவுகோலைக் கீழே வைத்தாள்.

"தினம் நீ வந்து, தகவல் உண்டான்னு கேப்பே. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

"நான் ஏன் கேட்டேன் தெரியுமா? கேக்கறதை நிறுத்திட்டா, இனிமே அண்ணன் வரமாட்டாருன்னு நானே முடிவு கட்டிட்டதா நீங்க நெனச்சுக்குவீங்களேன்னு கேட்டேன்."

"அப்போ நீயும் நம்பலியா?"

"ஆரம்பத்துல நம்பினேன். அப்புறம் என்னிக்கோ போயிடுச்சு. ஆனா பழக்கம் விடல. உங்க மனசு தாங்காதேன்னு."

ஒருத்திக்காக ஒருத்தி என்று எத்தனை சாயங்காலம்! சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது, அழுகை வருகிற மாதிரியும் இருந்தது. நாத்தனார் கேட்டாள்.

"இப்போ நான் உங்களுக்கு யாரு அண்ணி? அண்ணனே இல்லேன்னு ஆனப்புறம் நாத்தனார்னு ஒருத்தி ஏது?"

யார் என்ற கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லி மாட்டிக்கொண்டவள் அக்கா, இந்தத் தடவை நிதானமாகச் சொன்னாள். "மாடியில இருக்கறவ. சாயங்காலம் இறங்கி வர்றவ. அது போதாதா? பேரு எதுக்கு?"

"எனக்கு இன்னும் கோபம் போகல."

"இருக்கட்டுமே. கோபத்தோடயே வா. டீ கோபத்தோட குடிச்சாலும் உள்ளதான் போகும். இப்போ வலது கண்ணைப் பாரு."

நாத்தனார் வந்தாள். அன்றைக்கில்லை, இன்னும் சில நாள் வீம்பாக இருந்துவிட்டு, புதுக் கண்ணாடி மூக்கை அழுத்துகிறது என்ற சாக்கில். தகவல் உண்டா என்று கேட்க முடியாமல் போனதால் முதலில் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அப்புறம் பேச்சு தானாக ஊறியது. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் நாற்காலியிலேயே குறட்டை விட்டது, அக்கா சின்ன வயதில் சைக்கிள் பழகி அடுத்தவர் வீட்டுக்குள்ளேயே போய் நின்றது என்று, ஒரே கூரைக்குக் கீழே இத்தனை காலம் இருந்தும் கேட்டுக்கொள்ளாத கதைகள். கதவோரம் கிடந்த பையை இருவருமாகத் திறந்து, ஸ்பேனரை எல்லாம் துடைத்து, லிஃப்ட் வேலை தெரிந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பது கடைசிவரை தெரியவில்லை. எங்கேயாவது ரயிலில் ஏறியிருப்பார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். வன்மம் இல்லாமல்தான் நினைத்தாள்.

நாடகக் குழுவை அவள் விடவில்லை. மேடை வெளிச்சத்துக்காக அல்ல. யார் நீ என்று கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் பதறாமல் உட்கார்ந்திருக்கிற ஆட்கள் வேறெங்கும் கிடைக்கவில்லை. அவள் நடிப்பு சுமார்தான். இயக்குநரே ஒளிக்காமல் சொல்லுவார். ஆனால் வேறு யாராகவோ நின்றால் பரவாயில்லாமல் வந்தது, தனக்குச் சம்பந்தமே இல்லாத ஆளென்றால் இன்னும் நன்றாக வந்தது.

அந்த வருஷக் கடைசியில் அவளுக்கு ஒரு கப்பல் தலைவன் வேடம் கிடைத்தது. கடலையே சரியாகப் பார்த்திராதவள். மாலுமிகள் ஏழு பேருக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். அவளுக்கோ வாழ்க்கையில் உரக்கப் பேசிப் பழக்கமில்லை. கடைப் பின்னறையில் மெஷின் சத்தத்துக்கு நடுவே பழகிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் லென்ஸை அரைத்துக்கொண்டே, "பாயை இறக்குங்கடா!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். முன்பக்கத்தில் ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் வாசலுக்கு ஓடினார்கள். கை மெஷினில் மாட்டிக்கொண்டதோ என்று முதலாளி வேர்த்து விறுவிறுத்துத் திரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னம்மா! என்ன ஆச்சு?"

"புயல் வருது முதலாளி" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமலே.